பாலுண்ணியைச் சுடாதீங்க!

உங்கள் குழந்தையின் கழுத்திலோ அக்குளிலோ முத்துமுத்தாய்ச் சின்னச் சின்னப் பருக்கள் இருக்கின்றனவா? நடுவில் குட்டிக் குழியும் தெரிகிறதா? பாலுண்ணியாக இருக்கலாம். டாக்டர்கள் 'மொலஸ்கம்' என்பார்கள். பெரியம்மைக் கிருமியின் தூரத்து உறவான ஒரு வைரஸ்தான் காரணம்.

புதுக்கோட்டை - தஞ்சாவூர் சாலையில் போனால், ஆதனக்கோட்டையில் வறுத்த முந்திரி வாங்காமல் வருவோமா? பருப்பு ருசிதான். ஆனால், முந்திரிக்கொட்டை ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். 'ஒரு சொட்டு வச்சா மரு உதிர்ந்துடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுண்ணாம்பும் வேண்டாம். புண்ணாகி, தழும்பு ஆயுசுக்கும் நின்றுவிடலாம்.

சுடாத மருந்து உண்டா?

உண்டு. நைட்ரிக் ஆக்ஸைடு என்பது நம் ரத்தக்குழாய்களே உண்டாக்கும் வாயு. அது உடம்பில் செய்யும் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998ல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்குத் தாத்தா நாக்கடியில் வைக்கும் மாத்திரைகூட இந்த வாயுவைத்தான் தருகிறது. இதற்குக் கிருமிகளை ஒடுக்கும் குணமும் உண்டு. ஆனால், உண்டான சில நொடிகளிலேயே மறைந்துவிடும்.

அதனால் சிலிக்கன் கலந்த ஒரு பொருளோடு அதைப் பிணைத்தார்கள். பெயர், பெர்டாசைமர். இரண்டு ட்யூப்பிலுள்ள ஜெல்லையும் சம அளவு குழைத்து உடனே தடவினால், பிணைப்பு அவிழ்ந்து வாயு வெளிப்படும். 2024 ஜனவரியில் அமெரிக்க அரசு, ஒரு வயது முதல் பயன்படுத்த அனுமதித்தது. தினம் ஒரு தடவை, 12 வாரம் வரை தடவ வேண்டும்.

மாயமருந்தா? இல்லை. 891 பேரிடம் நடந்த சோதனையில், 12 வாரத்தில் முழுதும் குணமானவர்கள் நூற்றுக்கு 32 பேர். வெறும் ஜெல் தடவியவர்களில் 20 பேர். சிலருக்குத் தடவிய இடம் சிவந்து எரிந்தது.

அந்த 20 பேரைக் கவனித்தீர்களா? மருந்தில்லாமலே ஆறினவர்கள்! பாலுண்ணி பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்தில் தானே மறைந்துவிடும். சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* கிள்ளாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.
* துண்டு தனியாக இருக்கட்டும்.
* பருக்களைத் துணியால் மூடிப் பள்ளிக்கு அனுப்பலாம்.
* கண்ணருகே வந்தாலோ, சீழ் பிடித்தாலோ, வேகமாகப் பரவினாலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள். புதுக்கோட்டைக்காரர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறதே!

பாலுண்ணி போய்விடும். சுட்ட தழும்பு போகாது.