வலிப்பு மாத்திரையும் எலும்பும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

“ஃபிட்ஸ் மாத்திரை எலும்பைக் கரைச்சிடும், நிறுத்திடு.”

பாதி உண்மையாக இருப்பதால்தான் இந்தப் பேச்சு ஆபத்தானது. ஃபெனிடாயின் (நாம் எப்டாயின் என்று கேட்டு வாங்குவது), ஃபீனோபார்பிட்டோன், கார்பமசெபின் மூன்றும் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடும். அந்த நொதிகள் வைட்டமின் டியையும் வேகமாகச் சிதைத்துவிடும். டி குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. ரத்தத்துக்கு வேண்டியதை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வால்ப்ரோயேட் வேறு வழியில் எலும்பைத் தொடுகிறது. லெவெடிரசெட்டாம், லாமோட்ரிஜின் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

அதற்காக மாத்திரையை நாமே நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்புக்கும் லாபமில்லை. பெரிய வலிப்பில் தசைகள் இறுகும் வேகத்திலேயே, கீழே விழாமலே, முதுகெலும்பு நசுங்குவதுண்டு. தோள்மூட்டு பின்பக்கமாக நழுவுவதுண்டு. மருந்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

1990களில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனை மருத்துவர்கள் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கணக்கெடுத்தார்கள். ஆயிரத்துக்குச் சுமார் 9 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. நகரத்தைவிடக் கிராமத்தில் இரண்டு மடங்கு. எலும்பைத் தொடும் அந்த விலை மலிவான பழைய மாத்திரைகளை நம்பியிருப்பவர்களும் கிராமத்தில்தான் அதிகம்.

“வெயிலும் ராகியும் இருக்கிற ஊரில் டி எப்படிக் குறையும்?”

நன்றாகவே குறையும். பெங்களூர் லால்பாக் பூங்காவில் காலை ஆறரை மணிக்கு ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக நடப்பவர்களைப் பாருங்கள். தோல் என்று வெளியே தெரிவது மூக்கும் விரல்களும்தான். அந்த நேரத்து இளவெயிலில் வைட்டமின் டியை உண்டாக்கும் புற ஊதா பி கதிர் மிகக் குறைவு. கிட்டத்தட்ட நம் அட்சரேகையிலேயே உள்ள திருப்பதியில் அளந்து பார்த்ததில் காலை 11 முதல் 2 மணி வரைதான் டி அதிகம் உருவாகிறது. அந்த நேரத்தில் ஒயிட்ஃபீல்டு அலுவலக ஆள் கண்ணாடிக் கட்டடத்துக்குள் இருப்பார். கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது.

ராகியைக் குறை சொல்ல மாட்டேன். 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் தரும் தானியம் வேறு ஏது? ஆனால் பெரியவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். சொல்லும் அளவு நாளைக்கு 1,000. ராகியில் உள்ள ஃபைட்டேட் அந்தக் கால்சியத்தில் ஒரு பங்கைக் கட்டிப்போட்டுவிடும். முளைகட்டினால் கொஞ்சம் தளரும். டி இல்லாமல் ராகிக் களி எத்தனை உருண்டை விழுங்கினாலும் உடம்பில் சேர்வது சொற்பம்.

“வைட்டமின்தானே, எவ்வளவு சாப்பிட்டால் என்ன?”

60,000 யூனிட் டி சாஷேயை வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு என்று எழுதித் தருவார்கள். அதைத் தினம் ஒன்றாகக் குடிப்பவர்களும், வருஷக்கணக்கில் தொடர்பவர்களும் உண்டு. டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, குழப்பம், சிறுநீரகக் கல் எல்லாம் வரும். ரத்தப் பரிசோதனை செய்து அளவைப் பார்த்துவிட்டுத் தொடங்குவதே சரி. கால்சியம் மாத்திரையையும் ஃபெனிடாயினையும் ஒரே வாயில் போடாமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் மருந்து உறிஞ்சப்படுவது குறையலாம். ஃபோலிக் ஆசிட், பி6 இரண்டையும் பெரிய அளவில் எடுத்தால் ரத்தத்தில் ஃபெனிடாயின் இறங்கிவிடக்கூடும். அதனால் எதைச் சாப்பிட்டாலும் டாக்டர் காதில் போட்டுவையுங்கள்.

“ஓடினால் ஃபிட்ஸ் வரும், வீட்டிலேயே இரு.”

எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். மருந்து எலும்பில் கொஞ்சம் எடுக்கிறது என்றால், பிள்ளையைப் பூட்டிவைக்கும் வீடு வெயிலையும் நடையையும் சேர்த்துப் பறிக்கிறது. 1992 உலகக் கோப்பையில் பாய்ந்து விழுந்து இன்சமாமை ரன் அவுட் செய்த ஜான்டி ரோட்ஸ் வலிப்பு நோய் உள்ளவர். இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன், மறைந்த டோனி கிரெய்குக்கும் அது இருந்தது. உடற்பயிற்சியால் வலிப்பு தூண்டப்படுவது அபூர்வம். மாத்திரையை விட்டதாலும் தூக்கம் கெட்டதாலும் வருவதே அதிகம். தென் கர்நாடகத்தில் தலையில் சுடச்சுட வெந்நீர் ஊற்றினால் சிலருக்கு வலிப்பு வரும் என்பது நிம்ஹான்ஸ் விரிவாக ஆராய்ந்த விஷயம். ஓட்டத்துக்குப் பயப்படும் வீட்டில் அண்டா வெந்நீருக்கு யாரும் பயப்படுவதில்லை!

உலக வலிப்பு நோய் எதிர்ப்பு அமைப்பு விளையாட்டுகளை ஆபத்தை வைத்து மூன்றாகப் பிரித்திருக்கிறது. தடகளமும் ராக்கெட் ஆட்டங்களும் கவலையில்லாத முதல் பிரிவு. நீச்சல் இரண்டாவது, விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மலையேற்றம், ஸ்கூபா போன்றவை மூன்றாவது.

எலும்புக்கு வேண்டியது உடல் எடையைத் தாங்கும் அசைவு. நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லவை, எலும்புக்கு அவ்வளவாக வேலை தருவதில்லை. மாடிப்படியும், லால்பாக் பாறைக்குன்றை ஏறி இறங்குவதும் தரும். சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்கப் பழகினால் விழுவது குறையும். நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் மருந்தின் அளவு கூடியிருக்கலாம். அடுத்த விசிட் வரை காத்திருக்காதீர்கள்.

பல வருஷம் எப்டாயினில் இருப்பவர்கள் ஸ்கிப்பிங், எடை தூக்குதல் தொடங்கும் முன், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. முதுகு திடீரென்று பிடித்து, உயரமும் குறைந்ததுபோல் தெரிந்தால், வயசாகிவிட்டது என்று தைலம் தேய்க்காமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.