வாடை நின்றால் ஆபத்து நீங்கியதா?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் ஜப்பானுக்குச் செல்வோர் பலர் ஹக்கோனே எரிமலையைக் காணத் தவறுவதில்லை. தோக்கியோவுக்குத் தென்மேற்கே உள்ள இம்மலையில் கேபிள் காரில் ஏறினால், ஏறத்தாழ 1,040 மீட்டர் உயரத்தில் ஓவாகுடானி நிலையம் வரும். இப்பெயருக்குப் ‘பெரிதாகக் கொதிக்கும் பள்ளத்தாக்கு’ என்று பொருள். அங்கே மஞ்சள் படிந்த பாறைகளின் இடுக்குகளிலிருந்து வெண்புகை எழும். அழுகிய முட்டை வாடை மூக்கைத் துளைக்கும்.

அந்த வெண்புகையில் பெரும்பகுதி நீராவிதான். நிலத்தடியில் உள்ள பாறைக்குழம்பின் வெப்பம் நீரைச் சூடாக்குகிறது. நீராவியோடு ஹைட்ரஜன் சல்பைடு, சல்பர் டைஆக்சைடு ஆகிய வாயுக்களும் வெளியேறுகின்றன. மஞ்சளாகப் படிந்திருப்பது கந்தகம். முட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு.

இங்கு விற்கப்படும் கறுப்பு முட்டையும் ஒரு வேதியியல் பாடமே. வெந்நீர் ஊற்றில் வேகும்போது நீரிலுள்ள இரும்பு முட்டை ஓட்டில் ஒட்டிக்கொள்கிறது. அது ஹைட்ரஜன் சல்பைடுடன் வினைபுரிந்து கறுப்பு நிற இரும்பு சல்பைடாகிறது. ஓடு மட்டுமே கறுப்பு. உள்ளே வழக்கமான வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும்தான்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஆனால், சுமார் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் நுகரும் உணர்வு மரத்துப்போகும். வாடை நின்றுவிடும்; வாயு நிற்காது! மூக்கை மட்டும் நம்புவது உயிருக்கே ஆபத்து.

இவ்வாயு எங்கே தேங்கும்? கணக்கிட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் 1, கந்தகம் 32 எனக் கொண்டால், ஹைட்ரஜன் சல்பைடின் சார்பு மூலக்கூறு நிறை 34. காற்றின் சராசரி நிறை ஏறக்குறைய 29. சூடாக மேலெழும் வாயு ஆறியதும், காற்றைவிடக் கனமானதால், குழிகளிலும் பள்ளங்களிலும் தேங்கக்கூடும். தடுப்பு வேலியைத் தாண்டக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சல்பர் டைஆக்சைடு மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆகவே, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அங்கு செல்ல வேண்டாமென அறிவுறுத்தப்படுகிறார்கள்.

2015 ஏப்ரல் இறுதியில் ஹக்கோனேயில் சிறு நிலநடுக்கங்கள் பெருகின. மே மாதத்தில் எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டு, கேபிள் கார் நிறுத்தப்பட்டது. ஜூன் இறுதியில் சிறிய அளவில் எரிமலை வெடித்தது. முழுத் தடத்திலும் சேவை மீண்டது 2016 ஜூலையில்தான். வெடிப்புக்கு முன்பே எச்சரித்தவை கருவிகள், மூக்கு அல்ல.

எனவே, எரிமலைக்குச் செல்லுமுன் அன்றைய எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். ‘இன்று சேவை இல்லை’ என்ற அறிவிப்பைக் கண்டால் முகம் சுளிக்காதீர்கள்.

சிந்திக்க: சல்பர் டைஆக்சைடின் சார்பு மூலக்கூறு நிறை என்ன? (ஆக்சிஜன் 16.) அது காற்றைவிட எத்தனை மடங்கு கனமானது?