பிள்ளையைத் தூது அனுப்பாதே

திருப்பதி

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீங்கள் இருவரும் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து மனு போட்டுவிட்டதாக உன் அம்மா சொன்னாள். அந்த முடிவைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

“பெரியவள் ஒன்றுமே கேட்கவில்லை, சமாளித்துக்கொள்கிறாள்” என்று போனில் சொன்னாய். பத்து வயதுப் பெண் ஒன்றும் கேட்கவில்லை என்றால் மனம் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. கேட்டால் நீ அழுவாய் என்று அடக்கிக்கொள்கிறாள். ஐந்து வயதுச் சின்னவனுக்கு அடக்கத் தெரியவில்லை. மறுபடி படுக்கையை நனைக்கிறான், உன் முந்தானையை விடமாட்டேன் என்கிறான். அதை அடம் என்று நினைத்துக் கை ஓங்காதே. அப்பா போனதுபோல் அம்மாவும் போய்விடுவாளோ என்கிற பயம் அது.

தன்னால்தான் சண்டை வந்தது என்று நம்புகிற வயது இது. நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, “இது எங்களுக்குள் உள்ள விஷயம், உங்கள் தப்பு எதுவும் இல்லை, இரண்டு பேரும் எப்போதும் உங்களுக்கு இருப்போம்” என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது. அமெரிக்காவில் ஜூடித் வாலர்ஸ்டைன் என்கிற உளவியலாளர் 1971 முதல் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார். அப்பா அம்மா மறுபடி சேர்ந்துவிடுவார்கள் என்று பிள்ளைகள் வருடக்கணக்கில் காத்திருந்ததைக் கண்டார். அதனால் வீண் நம்பிக்கையும் கொடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கத் திருப்பதிக்கு வந்துவிட்டுச் சித்தூர் பஸ்ஸில் திரும்புகிற பிள்ளைகளிடம், “அப்பா என்ன சொன்னார், பணம் கொடுத்தாரா” என்று விசாரிக்காதே. சொல்ல வேண்டியதை நீயே அவரிடம் சொல். மாப்பிள்ளையிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். அப்பாவைப் பெற்ற அவ்வாவிடம் ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். கோர்ட்டு பிரிப்பது உங்கள் இருவரைத்தான், அவ்வாவை அல்ல.

பிள்ளையின் நலனே முதன்மை என்று 1956ஆம் வருட இந்து இளவர் காப்பாளர் சட்டம் சொல்கிறது. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கணக்கில் எடுக்கலாம் என்று 1890ஆம் வருடக் காப்பாளர் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் கேள்வி நீதிபதியோடு நிற்கட்டும். “நீ யார் பக்கம்?” என்று வீட்டில் ஒருவரும் கேட்கக் கூடாது. எந்தப் பதில் சொன்னாலும், ஒருவருக்குத் துரோகம் செய்துவிட்டதாகப் பிள்ளை குமையும்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் தயங்காமல் இங்கே கூட்டிவா, ருயா ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நானே அழைத்துப் போகிறேன். அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416. இலவசம்தான், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

கணவன் மனைவி உறவை முடித்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா என்கிற பொறுப்பை இருவருமே விடக் கூடாது. இந்த வாரமே பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா