காணாமற் போனவரும் ஷரீஅத்தும்



இரும்புலியூர்ச் சகோதரி ஒருவர் நம்மிடம் முறையிட்டார்: "ஹஜ்ரத்! வெளிநாடு போன என் வீட்டுக்காரரைப் பற்றி ஐந்து வருஷமாகத் தகவலே இல்லை. 'அண்ணன் மௌத்தாகியிருப்பார்' என்று கொழுந்தன்மார் அவர் பெயரிலுள்ள வீட்டில் பங்கு கேட்கிறார்கள். என் மறுமணப் பேச்சு வந்தால் மட்டும் 'ஹயாத்தோடு இருப்பார்' என்கிறார்கள்."

சொத்துக்கு மௌத்து, மனைவிக்கு ஹயாத்து! இந்த இரட்டைக் கணக்குக்கு மார்க்கத்தில் இடமில்லை.

உயிரோடிருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவரை ஃபிக்ஹு நூல்கள் 'மஃப்கூது' என்கின்றன. மௌத்து என்று தீர்ப்பாகும் வரை அவர் சொத்தைப் பங்கிடலாகாது. அவருடைய உறவினர் இறந்தால், இவருக்குரிய பங்கைத் தனியே நிறுத்தி வைக்க வேண்டும்.

மனைவியின் நிலை என்ன? அவருடைய சமவயதினர் மறையும் வரை காத்திருப்பதே ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பு. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் நான்காண்டு தவணை அளித்தார்கள். மாலிகி மத்ஹபு அதை ஏற்றது. பெண்கள் படும் துயரைக் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி அவர்கள், மாலிகி தீர்ப்பின்படி நடக்க வழிகாட்டினார்கள். 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டப்படியும், நான்காண்டு கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றம் செல்லலாம். தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே அமலாகும். அதற்குள் கணவர் வந்து இல்லறக் கடமையாற்ற முன்வந்தால் தீர்ப்பு நீங்கும்.

சொத்து விஷயத்தில் நாட்டின் சாட்சியச் சட்டம் ஏழாண்டுக் கணக்கை வைத்திருக்கிறது.

பேராபத்தில் சிக்கியவர் நிலை வேறு. 2016 ஜூலை 22 அன்று நம் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேர் புறப்பட்ட ஏ.என்.32 விமானம் வங்கக் கடலில் மறைந்தது. பெருந்தேடலுக்குப் பின், செப்டம்பர் 15-ல் அனைவரும் இறந்ததாகக் கருதப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகளைப் படமெடுத்த செய்தி 2024 ஜனவரியில்தான் வெளிவந்தது. ஜனாஸா கிடைக்காவிடினும் மௌத்து முடிவாகலாம். ஆனால் அது விசாரணையால் ஆக வேண்டும், வாரிசுகளின் ஆசையால் அல்ல.

ஆகவே சகோதரிகளே! முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெளிநாடு சென்றவரானால் அங்குள்ள நம் தூதரகத்துக்கும் எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். நாளை அவையே சாட்சி. தீர்ப்பும் இத்தாவும் முடியாமல் நிக்காஹ் இல்லை; இத்தாவின் கணக்கை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஜமாஅத்தாரே! அவசரப்பட்டு அவர் வீட்டைப் பங்கிடவும் விடாதீர்கள். அந்தப் பெண்ணை ஆயுள் முழுதும் அந்தரத்தில் நிறுத்தவும் செய்யாதீர்கள். காத்திருப்போர் அனைவருக்கும் அல்லாஹ் இலேசாக்குவானாக! ஆமீன்.