வெள்ளம் தாங்கும் நெல்லும் மரபணு அடையாளக் குறியும்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், காவிரிப் பாசனப் பகுதியில் இளம் சம்பா, தாளடிப் பயிர் நீரில் மூழ்குவது புதிதல்ல. ஒரு வாரத்திற்கு மேல் முழுதும் மூழ்கிய பயிர் பெரும்பாலும் தேறுவதில்லை. உழவு, நாற்று, நடவுக்கூலி யாவும் நீரோடு போகின்றன.

மூழ்கிய நெற்பயிர் காற்றைத் தேடி அவசரமாக நீண்டு வளரும். இதனால் சேமித்த மாவுச்சத்து தீர்ந்து, நீர் வடிந்ததும் துவண்டு சாயும். ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தெரிவு செய்யப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்னும் ரகம் இவ்வாறு நீளாமல், சத்தைச் சிக்கனமாகச் செலவிட்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் உயிர் தாங்கும். இக்குணத்திற்குக் காரணமான 'சப் 1' பகுதி நெல்லின் 9ஆம் குரோமோசோமில் உள்ளது. அதிலுள்ள முக்கிய மரபணு 2006இல் கண்டறியப்பட்டது. ஆனால் எஃப்.ஆர். 13ஏ ரகத்தின் விளைச்சல் குறைவு. எனவே அதன் ஒரு குணத்தை மட்டும் நல்ல ரகத்திற்கு மாற்ற வேண்டியிருந்தது.

இதற்கு இரண்டையும் கலந்து, பிறக்கும் சந்ததியை மீண்டும் மீண்டும் நல்ல ரகத்துடனேயே கலப்பார்கள். இது பிற்கலப்பு எனப்படும். மூன்று பிற்கலப்பு முடிந்தால் சராசரியாக 100க்கு 94 பங்கு நல்ல ரகத்தின் மரபு திரும்பிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் பாதிச் செடிகளில்தான் சப் 1 இருக்கும். அவை எவை? முன்பு நாற்றுகளை மூழ்கடித்துப் பார்ப்பதே வழி.

இன்று நாற்றின் இலைநுனி ஒரு துண்டு போதும். அதிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்து, வேண்டிய பகுதியை மட்டும் பல மடங்கு பெருக்கி, மின்சாரம் பாயும் பசைத்தகட்டில் ஓடவிட்டால் கோடுகள் தெரியும். குறிப்பிட்ட கோடு இருந்தால் அந்நாற்றில் சப் 1 உண்டு. ஆட்டின் காதில் வெட்டிய அடையாளத்தைக் கொண்டு மந்தையில் நம் ஆட்டைப் பிரிப்பது போன்றதே இது. சில குறிகள் மரபணுவிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் கலப்பின்போது பிரிந்து ஏமாற்றுவதும் உண்டு. சப் 1க்கு மரபணுவுக்குள்ளேயே குறி கிடைத்தது நல்வாய்ப்பு.

இம்முறையில் உருவான சுவர்ணா சப் 1 இந்தியாவில் 2009இல் வெளியிடப்பட்டது. நம் பகுதியில் பொன்மணி என வழங்கும் சி.ஆர். 1009 ரகத்திற்கும் இக்குணம் சேர்க்கப்பட்டு, பின்னர் சி.ஆர். 1009 சப் 1 வந்தது.

இங்கேதான் உழவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். புதிய ரகம் பெரும்பாலும் பழையதைப் போலவே இருப்பதால் விதையைக் கையில் வைத்துப் பார்த்து மட்டும் ரகத்தை உறுதி செய்ய இயலாது. விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல், நீலநிறச் சான்று அட்டை உள்ள மூட்டையையே வாங்குங்கள். அட்டையில் 'சப் 1' என்று ரகப்பெயர் முழுதாக உள்ளதா எனப் படித்துப் பாருங்கள். அட்டையையும் ரசீதையும் அறுவடை வரை வைத்திருங்கள்.

இந்த ரகமும் எல்லா வெள்ளத்தையும் தாங்காது. முளைக்கும்போதும் பூக்கும்போதும் மூழ்கினால் பயனில்லை. இடுப்பளவு நீர் மாதக்கணக்கில் தேங்கும் பள்ளக்கால் நிலத்திற்கும் ஏற்றதன்று. மழை எதிர்பார்க்கும் நாட்களில் யூரியாவை அதிகம் இடாதீர்கள். தழைச்சத்து மிகுந்த பயிர் நீரில் எளிதில் அழியும். நீர் வடிந்தவுடன் இலை பழுத்திருப்பதைக் கண்டு உழுதுவிட வேண்டாம். சில நாள் பொறுத்து, புதிய இலை விட்ட பின்னரே மேலுரம் இடுங்கள்.