உதட்டைத் தொடும் முன் பால் குடிப்பதைப் பார்

தலைச்சன் பிள்ளையோடு வீட்டுக்குப் போன பெண்கள் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ என்னைக் கூப்பிடுவார்கள். “அம்மா, மேலுதட்டு நடுவில் கொப்புளம் மாதிரி இருக்கிறது, என்ன தடவட்டும்?” பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகும், ஈரோட்டுப் பக்கம் எங்கே போனாலும் இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். அம்மிணி, நீ படித்துவிட்டு உன் மாமியாரிடமும் அமுச்சியிடமும் கொடு. குழந்தையைக் குளிப்பாட்டுவதும் மருந்து உரசுவதும் பெரும்பாலும் அவர்கள்தானே.

1. முதலில் பதறாதே. மேலுதட்டின் நடுவில் ஒற்றையாக, தோல் தடித்து வெளுத்தோ லேசாக நீர் கோத்தோ இருக்கிறது. குழந்தை வழக்கம்போலக் குடிக்கிறது, தூங்குகிறது, உடம்பு சுடவில்லை. அப்படியென்றால் அது பால் உறிஞ்சுவதால் வருகிற கொப்புளம். மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கையில் காய்ப்பு ஏறுவது போலத்தான். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அத்தனை உராய்வையும் தாங்க அந்த மெல்லிய தோல் தடிக்கிறது. குழந்தைக்கு வலி கிடையாது. புட்டிப்பால் குடிக்கிற குழந்தைக்கும் வரும். சில குழந்தைகள் உதட்டிலோ மணிக்கட்டிலோ விரலிலோ கொப்புளத்தோடேயே பிறக்கும். வயிற்றுக்குள் இருக்கும்போதே கையைச் சப்பியிருக்கும், அவ்வளவுதான்.

2. குத்தாதே, கிள்ளாதே, உரியும் தோலை இழுக்காதே. அது தானாக உரியும், மறுபடி தடிக்கும், சில வாரமோ மாதமோ கழித்துப் போய்விடும். உதடு காய்ந்து வெடித்திருந்தால், பால் கொடுத்து முடித்ததும் உன் பாலிலேயே இரண்டு சொட்டு எடுத்துத் தொட்டுவிட்டு உலரவிடு. வேறெதுவும் வேண்டாம்.

3. கொப்புளத்தைப் பார்த்ததும் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: குழந்தை மார்பைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார். நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். காம்பை மட்டும் நுனியில் கவ்விக்கொண்டு உறிஞ்சுகிற குழந்தை உதட்டாலேயே இறுக்கிப் பிடிக்கும். அதன் உதடும் தடிக்கும், உன் காம்பும் வெடிக்கும், வயிறும் நிறையாது.

சரியான பிடிப்பு இப்படி இருக்கும். குழந்தையின் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேராக, வயிறு உன் வயிற்றோடு ஒட்டியபடி இருக்க வேண்டும். குழந்தை மல்லாந்து கிடந்து கழுத்தை மட்டும் திருப்பிக் குடிக்கக் கூடாது. காம்பால் மேலுதட்டை லேசாகத் தொடு. கொட்டாவி விடுகிற அளவுக்கு வாயைத் திறக்கும் வரை பொறு. திறந்ததும் குழந்தையை மார்பிடம் கொண்டு வா. நீ குனிந்து மார்பை அதன் வாயில் திணித்தால் பிடிப்பும் சரியாக இருக்காது, உன் முதுகும் போய்விடும். பிடித்த பிறகு பார்: மோவாய் மார்பில் படிந்திருக்க வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மலர்ந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழே இருப்பதைவிட மேலே அதிகம் தெரிய வேண்டும். கன்னம் உப்பலாக இருக்க வேண்டும். குழி விழுந்தாலோ ‘டக் டக்’ என்று சத்தம் வந்தாலோ பிடிப்பு சரியில்லை. குழந்தை விட்டபின் காம்பு ஒரு பக்கம் நசுங்கிச் சப்பையாக இருந்தாலும் அதே பொருள்தான்.

சரியில்லை என்றால் வெடுக்கென்று இழுக்காதே. சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்தால் பிடி தளரும். எடுத்துவிட்டு மறுபடி வை. எத்தனை தடவை வேண்டுமானாலும் வை. முதல் வாரத்தில் இதற்குப் பொறுமை வைத்துவிட்டால் பின்னால் மாதக்கணக்கில் நிம்மதி. தனியாக வரவில்லை என்றால் உன் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது அவர் வேலை.

4. பால் போதுகிறதா என்று உதடு சொல்லாது, ஈரத்துணி சொல்லும். ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். பிறந்ததும் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடையைத் திரும்பத் தொட்டுவிட வேண்டும்; தொடவில்லை என்றால் மருத்துவரைப் பார்.

5. மேலுதட்டை ஈறோடு சேர்க்கும் சவ்வு எல்லாக் குழந்தைக்கும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதே. நாக்கின் அடியில் இருக்கிற சவ்வு வேறு. அது நாக்கை இழுத்துப் பிடித்து, அழும்போது நாக்கு நுனி நடுவில் பிளந்தாற்போலத் தெரிந்து, பிடிப்பைத் திருத்தியும் காம்பு வலி தீராமல், எடையும் ஏறாமல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டு. குடிப்பதில் சிரமம் இல்லாத குழந்தைக்கு அந்தச் சவ்வை வெட்டத் தேவையில்லை.

6. வெள்ளை படிவதைக் கொப்புளத்தோடு குழப்பிக்கொள்ளாதே. நாக்கில் மட்டும் இருந்து, ஈரத்துணி பட்டதும் போனால் அது பால் படிவு. கன்னத்தின் உள்பக்கமும் உதட்டின் உள்பக்கமும் தயிர்த் திட்டாக ஒட்டிக்கொண்டு, துடைத்தால் போகாமல் அடியில் சிவந்து தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்று. உன் காம்பும் அப்போது எரியும், பளபளவென்று சிவக்கும். மருத்துவர் சொட்டு மருந்தோ வாயில் தடவும் மருந்தோ தருவார். உனக்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும். பால் கொடுப்பதை நிறுத்தாதே.

7. தேனும் வெங்காரமும் குழந்தை வாய்ப் பக்கமே வரக் கூடாது. இதைச் சொன்னால் வீட்டில் பெரியவர்களுக்கு மனம் நோகும் என்று எனக்குத் தெரியும். பிறந்ததும் தேனைச் சேனையாகத் தொட்டு வைக்கிற வழக்கம் நம்மிடம் அன்பாக வந்தது. யார் தொட்டு வைத்தார்களோ அவர்கள் குணம் வரும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். ஆனால் தேனில் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நமக்கு அது ஒன்றும் செய்யாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலம் கட்டும், அழுகை மெலியும், கழுத்து துவளும், மூச்சுவிடும் தசை வரைக்கும் செயலிழக்கலாம். வீட்டு அடுப்பில் காய்ச்சினால் அந்த வித்து சாகாது. சுத்தமான மலைத்தேன் என்பதாலும் ஆபத்து குறையாது.

வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்து வாய்ப்புண்ணுக்குத் தடவுவது நம் பக்கம் பழைய கைவைத்தியம். வெங்காரம் சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் பச்சைக் குழந்தைக்கு நஞ்சு. பிரிட்டனிலும் இந்தப் பழக்கம் இருந்தது. ரப்பர் நிப்பிளைத் தேனும் வெங்காரமும் சேர்ந்த மருந்தில் தோய்த்துக் குழந்தை வாயில் வைப்பார்கள். அப்படிச் செய்த ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை 1983-இல் அங்கே மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்தை நிறுத்தியதும் வலிப்பும் நின்றது. பெரியவர்களிடம் சண்டை போடாதே, அம்மிணி. சேனைக்கு உன் முதல் சீம்பாலை ஒரு சொட்டு தொட்டு வைக்கச் சொல். வழக்கமும் நிற்கும், குழந்தைக்கும் நல்லது.

கடையில் விற்கிற மரப்புக் களிம்பும் வேண்டாம். பென்சோகெய்ன் கலந்தது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனையே கெடுக்கக் கூடியது.

8. குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் விரல்விட்டுச் சளி எடுப்பதும், துணி சுற்றி நாக்கையும் ஈறையும் அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். நகம் கீறி, கிருமி ஏறி, ஒன்றுமில்லாத உதட்டில் உண்மையான புண் வரும். பால் மட்டும் குடிக்கிற குழந்தையின் வாய்க்குத் தனிச் சுத்தம் தேவையில்லை.

9. இப்போது நீ பயப்பட வேண்டிய கொப்புளம். சின்னச் சின்னதாக, கொத்தாக, சிவந்த தோல்மேல் நீர்முத்துப் போல, உதட்டோரத்திலோ கண்ணருகிலோ தலையிலோ உடம்பிலோ எங்கே வந்தாலும், பிறந்து ஆறு வாரத்துக்குள் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். பெரியவர்களுக்குக் காய்ச்சலோடும் அலைச்சலோடும் உதட்டோரம் கொப்புளித்து, ‘பல்லி எச்சம் பட்டுவிட்டது’ என்று விட்டுவிடுகிறோமே, அதே வைரஸ்தான். நமக்கு ஒரு வாரத்தில் ஆறிவிடும். பச்சைக் குழந்தைக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கி உயிரை எடுக்கும். அரிதாக வருவதுதான், வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அசைக்ளோவிர் என்ற மருந்தை நரம்பு வழியாக 14 நாளோ, மூளையைத் தொட்டிருந்தால் 21 நாளோ கொடுப்பார்கள். சீக்கிரம் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது.

அக்கி என்று நினைத்துக் காவி எழுதக் கூட்டிக்கொண்டு போனால் போகிற நேரம் திரும்பி வராது. இந்த நோயில் கொப்புளமே தெரியாத குழந்தைகளும் உண்டு. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, உடல் சுடுவது அல்லது சில்லிடுவது மட்டும் இருக்கும்.

இது முத்தத்தாலும் கையாலும் பரவுகிறது. பார்க்க வருகிற யாருக்காவது உதட்டில் கொப்புளமோ பொருக்கோ இருந்தால் குழந்தையைத் தூக்கக் கொடுக்காதே. மாமன் ஆனாலும் சித்தி ஆனாலும் வெட்கப்படாமல் சொல். உனக்கே உதட்டில் வந்திருந்தால் பாலை நிறுத்த வேண்டியதில்லை: கை கழுவு, முகக்கவசம் போடு, பொருக்கு உதிர்ந்து ஆறும் வரை முத்தம் வேண்டாம். மார்பிலேயே கொப்புளம் இருந்தால் அந்தப் பக்கம் கொடுக்காதே. மருத்துவரைக் கேள்.

10. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வாயைச் சுற்றிக் கொப்புளம், உள்ளங்கையிலும் பாதத்திலும் புட்டத்திலும் சிவப்புப் புள்ளி, கூடவே காய்ச்சல் என்றால் அது பெரும்பாலும் கை, கால், வாய் நோய். 2022-இல் கேரளத்தின் கொல்லம் பக்கம் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று நாளிதழ்கள் எழுதியதும் இந்த வகைதான் என்று பிறகு மருத்துவர்கள் கருதினார்கள். நம் வீடுகளில் அம்மை என்று வேப்பிலை கட்டி உள்ளே வைத்துவிடுகிறார்கள். வேப்பிலை இருக்கட்டும், மருத்துவரையும் பார்த்துவிடு. ஒரு வாரம் பத்து நாளில் தானே ஆறும். அதுவரை வாய் எரிவதால் குழந்தை குடிக்காமல் வறண்டுபோவதுதான் கவலை. தாய்ப்பாலை அடிக்கடி கொடு. மார்பில் குடிக்க அழுதால் பீய்ச்சி, ஆறவைத்துப் பாலாடையால் ஊட்டு. உதட்டில் தேன் நிறப் பொருக்கு தட்டிப் பரவினால் அது சீழ்க்கிருமி, அதற்கு மருந்து வேறு.

11. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதே: மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போவது, தொடர்ந்து பால் மறுப்பது, எழுப்பியும் விழிக்காத மயக்கம், வலிப்பு, மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது. ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதே. சந்தேகம் கேட்க 104, ஆம்புலன்சுக்கு 108. இரண்டையும் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.