முதலில் வரைபடம், பிறகு தரை

விமானிப் பயிற்சியில் சேரக் காத்திருப்பவர்கள் வீட்டுக் கணினியில் பறக்கும் மணிகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆனால் தரையைப் பார்த்து வழி பிடிக்கும் பழக்கத்தை அங்கேயே வளர்த்துக்கொள்ளலாம். அதற்கு ஜிபிஎஸ் இல்லாத இரண்டாம் உலகப் போர் விமானங்களைப் போல நல்ல வாத்தியார் கிடையாது.

டிசிஎஸ் சிமுலேட்டரின் ஆங்கிலக் கால்வாய் வரைபடத்தில் ஸ்பிட்ஃபயரை எடுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் குறியை அணைத்துவிடுங்கள். மான்ஸ்டன் தளத்திலிருந்து தெற்கே டோவர், அங்கிருந்து தென்மேற்கே டஞ்சனஸ் முனை. மணிக்கு 240 மைல் என்றால் நிமிடத்துக்கு 4 மைல். டோவருக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம். டஞ்சனஸுக்கு மேலும் ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகம். புறப்படும் முன்பே இதைத் தாளில் எழுதிவிடுங்கள்.

எழுதிய நேரம் நெருங்கியதும் வெளியே பாருங்கள். வெள்ளைப் பாறைகளும் துறைமுகமும் தெரிந்தால் டோவர். கூழாங்கல் பரந்த தட்டை நிலம் கடலுக்குள் முக்கோணமாக நீண்டிருந்தால் டஞ்சனஸ். சின்ன ஊர்களை நம்பாதீர்கள், மேலிருந்து எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கடற்கரை, ஆறு, ரயில் பாதைகள் பிரியும் இடம் ஆகியவை ஏமாற்றுவது குறைவு.

வரிசையை மாற்றி, தரையில் கண்டதை வரைபடத்தில் தேடினால் ஆபத்து. எதைப் பார்த்தாலும் மனம் தனக்கு வேண்டிய ஊரோடு பொருத்திவிடும். 1942 ஜூன் 23 அன்று ஜெர்மன் விமானி ஆர்மின் ஃபாபருக்கு நடந்தது அதுதான். வான்சண்டைக்குப் பிறகு திசை தவறி வடக்கே போனவர், பிரிஸ்டல் கால்வாயை ஆங்கிலக் கால்வாய் என்று நம்பினார். அதைக் கடந்ததும் பிரான்ஸ் வந்துவிட்டதாக எண்ணி வேல்ஸின் பெம்ப்ரே தளத்தில் இறங்கினார். பழுதில்லாத ஃபோக்க-வுல்ஃப் 190 ஒன்று பிரிட்டிஷாருக்குக் கிடைத்தது. நீர்ப்பரப்பைக் கண்டதும் காம்பஸையும் ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

ஒரு நுட்பம் கட்டாயம் பழகுங்கள். பிரான்சிலிருந்து திரும்பும்போது டோவரை நோக்கி நேராக வராதீர்கள். கரையில் ஊர் தெரியாவிட்டால் வலமா இடமா என்று திணறுவீர்கள். வேண்டுமென்றே சில மைல் மேற்கே குறிவைத்தால், கரை தொட்டதும் வலப்பக்கம் திரும்பினால் போதும். 1931-இல் டாஸ்மன் கடலில் சிறு தீவுகளை ஃபிரான்சிஸ் சிச்செஸ்டர் தனியாகப் பறந்து கண்டுபிடித்தது இந்த முறையால்தான். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானிகளுக்கு வழிகாட்டிக் கையேடுகள் எழுதியவரும் அவரே.

வழி தவறினால் வட்டமடிக்காதீர்கள். மேகம் இடம்கொடுத்தால் உயரம் ஏறி, ஒரே திசையில் கடற்கரை வரும்வரை போங்கள்.

இறங்கியதும் எழுதிய நேரத்தையும் கடந்த நேரத்தையும் ஒப்பிடுங்கள். டோவருக்கு அரை நிமிடம் தாமதமாக வந்தீர்களா? பெரும்பாலும் எதிர்க்காற்றுதான். அடுத்தமுறை அந்தக் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.